தலைப்பில்லா வான்படமும் திணை அறியும் முறையும்: கோலா கங்சார் இருப்புப்பாதையை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஆசிரியர் பெயரோ திணைக் குறிப்போ இல்லாமல் ஓர் அகப்பாடல் கிடைத்தால் தமிழாசிரியர் திகைத்து நிற்பதில்லை. பாடலில் பேசப்படும் நிலம் யாது, பொழுது யாது, மரமும் பறவையும் தொழிலும் யாவை, அவற்றினூடே வெளிப்படும் ஒழுக்கம் யாது என வரிசையாகக் கேட்டு, இது குறிஞ்சி, இது நெய்தல் என்று முடிவுக்கு வருகிறார். தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றும் இதற்குத் துணைசெய்கின்றன. இம்முறை பாட்டுக்கு மட்டுமே உரியதா? தலைப்பும் நாளும் இடமும் குறிக்கப்படாத ஒரு வான்படத்தைப் படிக்கவும் இது பயன்படுமா? படிக்க இயலுமாயின், அப்படிப்பு மலேசியத் தமிழ் இலக்கியத் திறனாய்வுக்கு எதைக் கற்பிக்கும்? இவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது.

இதற்குக் கோலா கங்சார் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறோம். பேராக் மாநிலத்தின் அரச நகர் என்பது அதன் ஒரு சிறப்பு. மலாயா ரப்பர் வரலாற்றின் தொடக்கமும் அங்கேதான் உள்ளது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகள் அந்நகரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக் கருதப்படும் மரம் இன்றும் அங்குப் பாதுகாக்கப்படுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையையும் லாருட் வட்டாரத்தின் இருப்புப்பாதையையும் இணைத்த விக்டோரியா பாலம், நகரை அடுத்த காராயில் பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. ரப்பர், ஈயம், இரயில் ஆகிய மூன்றும் கூடும் இவ்விடத்தில் தமிழர் வாழ்வும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பின்னிக்கிடக்கிறது.

படம் என்னும் பனுவல்

நம் கையில் ஒரு வான்படம் இருப்பதாகக் கொள்வோம். செங்குத்தாக மேலிருந்து எடுக்கப்பட்ட கருப்பு வெள்ளைப் படம் அது. அகன்ற ஆறு ஒன்று வெளிறிய பட்டையாகப் படத்தின் குறுக்கே ஓடுகிறது. அதன் வளைவுகளில் மணல்திட்டுகள் தெரிகின்றன. மெல்லிய கோடு ஒன்று ஏறத்தாழச் செங்கோணத்தில் ஆற்றைக் கடக்கிறது. ஒரு புறத்தில் வரிசை பிடித்த மரங்களும் அவற்றின் நடுவே இணையாக அமைந்த நீண்ட கூரைகளும் உள்ளன. மற்றொரு புறத்தின் ஓரத்தில் ஒரு நகரின் தெருக்கள் தொடங்குகின்றன. படத்தின் பின்புறத்தில் எழுத்து ஏதும் இல்லை.

இது எந்த இடம்? பேராக்கை அறிந்தவர் உடனே 'காராய்ப் பாலம்' என்று சொல்லிவிடக்கூடும். அவ்விடை சரியாகவும் இருக்கலாம். ஆனால் பேராற்றையும் பாலத்தையும் மட்டும் கண்டு சொல்லப்பட்ட விடை, ஒரு பூவின் பெயரை மட்டும் கண்டு திணை சொல்வதை ஒக்கும். ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் மயங்கி வருதலை இலக்கணம் ஏற்கிறது. ஆகவே தனி அடையாளம் ஒன்று முடிவுக்குப் போதாது. அடையாளங்களின் கூட்டமே போதும். இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் முதற்கருத்து இதுவே.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். வான்படத்தில் நிலத்தை அறிவதற்குமுன் அதன் அளவை அறிதல் வேண்டும். ஒளிப்படக் கருவியின் குவியத் தூரத்தை விமானம் பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவுவிகிதம் கிடைக்கும். 6 அங்குலக் குவியத் தூரமுள்ள கருவியைக் கொண்டு 15,000 அடி உயரத்திலிருந்து எடுத்த படம் 1:30,000 என்ற அளவில் அமையும். அப்படத்தில் 300 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் 1 சென்டிமீட்டராகத் தெரியும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு லயம் 1 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளங்கள் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்காகிக் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே இருப்புப்பாதையைத் தண்டவாளத்தைக் கண்டு அறிவதில்லை. கோட்டின் நடத்தையைக் கண்டே அறிகிறோம். சாலை மேட்டைக் கண்டால் ஏறும். வீட்டைக் கண்டால் திரும்பும். சந்திப்பில் செங்கோணமாக ஒடியும். இருப்புப்பாதை அவ்வாறு செய்யாது. நீண்ட மென்மையான வளைவுகளில் மட்டுமே அது திரும்பும். மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தன் சரிவைக் காத்துக்கொள்ளும். மலைக்குள் புகுந்து மறுபுறம் வெளிப்படும் இடங்களில் கோடு அறுந்தாற்போலத் தோன்றும். கோலா கங்சாருக்கு மேற்கே பாடாங் ரெங்காஸைக் கடந்து தைப்பிங் நோக்கிச் செல்லும் புக்கிட் பெராப்பிட் கணவாயில் பழைய பாதை அவ்வாறுதான் சுரங்கங்களுக்குள் மறைந்து மறைந்து சென்றது.

பொழுதை உணர்த்துவது நிழல். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வடநாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளைப் பின்பற்றி, நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று கொள்வோமாயின் பேராக்கில் தவறிவிடுவோம். கோலா கங்சார் வட அகலக்கோடு 5 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஏறத்தாழ ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை அங்கு நண்பகல் கதிரவன் உச்சிக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். எஞ்சிய மாதங்களில் வடக்கே விழும். பிற்பகலில் முகில் கூடும் நாடாதலின் வான்படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுக்கப்படும். அப்பொழுது நிழல் மேற்குப் புறமாகச் சாயும். ஆகவே நிழலைக் கொண்டு திசையை ஒருவாறு உய்த்துணரலாம். பருவத்தை அறியப் பால்மரமும் உதவும். ஆண்டுத் தொடக்க மாதங்களில் அது இலை உதிர்ப்பதால், அடர்ந்திருக்க வேண்டிய தோட்டம் படத்தில் வெளிறித் தோன்றும். பெரும்பொழுதும் சிறுபொழுதும் ஆகிய இரண்டையும் இவ்வாறு படமே நமக்குச் சொல்லிவிடுகிறது.

நிழலுக்கு மற்றொரு பயனும் உண்டு. நேர்மேலிருந்து நோக்கினால் இரும்புப் பாலம் மெல்லிய கீற்றாக மட்டுமே தெரியும். அதன் பக்கச் சட்டங்களின் வடிவம் புலப்படாது. ஆற்று நீரின்மீதும் மணல்மீதும் விழும் நிழலில்தான் அது வெளிப்படும். பாலத்தை அறிய விரும்புவோர் பாலத்தை விட்டு அதன் நிழலைப் படிக்க வேண்டும். சொல்லப்படாத பொருளை இறைச்சியால் அறியும் நம் மரபினர்க்கு இது புதிதன்று.

கருப்பொருள்: மரமும் தொழிலும் ஊரும்

முதற்பொருளால் கிடைத்தது ஓர் ஆறும் ஓர் இருப்புப்பாதையும் மட்டுமே. இவ்விரண்டும் கூடும் இடங்கள் பல உள. கெடா எல்லையில் மூடா ஆற்றைப் பாதை கடக்கிறது. கிளந்தான் ஆற்றின் குறுக்கே 1924இல் திறக்கப்பட்ட கில்லமார்ட் பாலம் உள்ளது. எல்லை கடந்து சென்றால் சயாமில் காஞ்சனாபுரியை அடுத்த தா மக்காம் பாலம் உள்ளது. நம் படம் இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். இவற்றை வேறுபடுத்துவது கருப்பொருளே.

வரிசை பிடித்த மரங்களை முதலில் நோக்குவோம். ரப்பர் மரங்கள் முதிர்ந்தபின் அவற்றின் தழை ஒன்றோடொன்று கலந்து சீரான போர்வையாகத் தோன்றும். இடையில் செல்லும் பாதைகளும் எல்லைகளும் நேர்கோடுகளாக நிற்கும். செம்பனையோ ஒவ்வொரு மரமும் தனித்தனி விண்மீன் வடிவில் தெரியும். சமவெளியில் கட்டம் கட்டமாகப் பிரியும் நெல்வயல் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. நம் படத்தில் நெல்வயல் இல்லை. ஆகவே மூடா ஆற்றுச் சமவெளி விலகுகிறது. ரப்பர் உண்டு, தா மக்காம் பாலத்தைச் சூழ ரப்பர்த் தோட்டங்களும் லயங்களும் இருந்ததில்லை. ஆகவே அதுவும் விலகுகிறது. ஆனால் கிளந்தானிலும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு என்பதால் கில்லமார்ட் பாலம் இன்னும் விலகவில்லை.

அடுத்து ஊரை நோக்குவோம். 'கோலா' என்ற மலாய்ச்சொல் ஆற்றுமுகத்தைக் குறிக்கும். கங்சார் என்னும் சிற்றாறு பேராக் ஆற்றோடு கூடும் இடமாதலின் நகர் அப்பெயர் பெற்றது. ஆகவே படத்தில் நகரின் அருகே ஒரு சிற்றாறு வந்து கலத்தல் வேண்டும். நகரின் ஒரு புறத்தில் புக்கிட் சண்டான் மேட்டில் பெரிய குவிமாடத்தையும் நான்கு மினாராக்களையும் உடைய உபுடியா பள்ளிவாசல் நிற்றல் வேண்டும். ஈப்போ இரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞரே இதனையும் வடிவமைத்தார். 1917இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1905இல் நிறுவப்பெற்ற மலாய்க் கல்லூரியின் பெருந்திடலும் தென்படல் வேண்டும். இவை மூன்றும் ஒருங்கே காணப்படின் கிளந்தானும் விலகிவிடும். தனித்தனியே ஐயத்துக்கு இடமளித்த அடையாளங்கள் ஒன்றுசேர்ந்தபோது இடம் உறுதிப்படுகிறது.

மரபுவழியில் கருப்பொருளுள் தொழிலும் அடங்கும். படத்தில் ஆற்றுக்குத் தென்கிழக்கே செல்லும் பாதையைத் தொடர்ந்து அடுத்தடுத்த படங்களை அடுக்கினால், சுங்கை சிப்புட்டைக் கடந்து கிந்தாவை நெருங்கும்பொழுது நிலத்தின் நிறமே மாறும். மரப்போர்வை விலகி, வெண்மணல் மேடுகளும் ஒழுங்கற்ற குளங்களும் தோன்றும். அவை ஈய லம்பங்கள். இப்பாதை ஏன் போடப்பட்டது என்பதற்கான விடை அங்கே வெளிப்படையாகக் கிடக்கிறது. மலாயாவின் முதல் இருப்புப்பாதையும் ஈயத்துக்காகவே அமைந்தது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு அது திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து முன்னோடித் தொழிற்படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் யாழ்ப்பாணத்துத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும், தமிழகத்துத் தமிழர் பாதைக் கூலிகளாகவும் இப்பணியில் நிறைந்தனர். ஒரே மொழியினர், ஒரே நிலையத்தில், மேசையின் இருபுறமும் நின்ற வரலாறு அது.

நாள் அறிதல்

இடம் தெரிந்தபின் காலம் தெரிதல் வேண்டும். ஒரு பனுவலின் காலத்தை அதிற்குறிக்கப்பெறும் நிகழ்ச்சிகளால் மேலெல்லையும் கீழெல்லையும் இட்டு அறிவது போலவே இங்கும் அறியலாம். விக்டோரியா பாலத்தின் பணி 1897இல் தொடங்கி 1900இல் நிறைவுற்றது. செங்கற்றூண்களின்மீது இரும்புச் சட்டங்கள் அமைந்த ஒற்றைத்தடப் பாலம் அது. சாலைப் போக்குவரத்துக்கான இஸ்கண்டார் பாலம் 1932இல் திறக்கப்பட்டது. ஆகவே படத்தில் இரு பாலங்கள் தெரிந்தால் அது 1932க்கு முற்பட்டதன்று. ஆற்றின் மேற்புறத்தில் செண்டெரோ அணையின் நீர்த்தேக்கம் தெரியுமாயின் 1930க்கு முற்பட்டதன்று. பழைய பாலத்தை ஒட்டி வெளிறிய புதிய கான்கிரீட் பாலம் ஒன்று தெரியுமாயின் நம் காலத்துப் படமே. 2002ஆம் ஆண்டோடு பழைய பாலத்தின் இரயில் போக்குவரத்து முடிந்தது. கோட்டின் அகலம் இரட்டித்துக் காணப்படின் அது இன்னும் பிந்தியது. ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையிலான மின்மய இரட்டைத்தடம் 2014இல் நிறைவுபெற்றது. அத்திட்டத்தில் பெராப்பிட் மலையில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீண்ட சுரங்கம் அமைந்ததால் பழைய வளைவுகளும் பழைய சுரங்கங்களும் கைவிடப்பட்டன.

பாலத்தின் ஒரு பகுதி உடைந்து ஆற்றில் விழுந்து கிடப்பதாகப் படம் காட்டினால்? 1941 டிசம்பரில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பேராக் ஆற்றுப் பாலங்களைத் தகர்த்தனர். அதனால் அப்படம் ஜப்பானியர் காலத்தின் தொடக்கத்தைச் சார்ந்ததாகலாம். ஆனால் கில்லமார்ட் பாலமும் அக்காலத்தில் அவ்வாறே தகர்க்கப்பட்டது. தா மக்காம் பாலமோ நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சால் உடைந்தது. உடைந்த பாலம் ஒன்றைக் கண்டவுடன் நம் உள்ளம் ஒரு கதையை நோக்கி ஓடுகிறது. அவ்வாறு ஓடும் வேகத்தைத் தடுப்பதே திறனாய்வின் கடமை. விழா மலர்களிலும் மாணவர் ஒப்படைப்புகளிலும் ஏதோ ஓர் இரும்புப் பாலத்தின் படத்தை இட்டு அதன்கீழ்ச் சயாம் மரண இரயில் என்று எழுதிவிடும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். நோக்கம் நல்லதே. ஆயினும் இறந்தவர்களின் இடத்தைத் தவறாகச் சொல்வது அவர்களை இரண்டாம் முறை தொலைப்பதாகும்.

உரிப்பொருள்: படம் சொல்லாதது

இனி உரிப்பொருளுக்கு வருவோம். முதலினும் கருவும் கருவினும் உரியும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். நிலமும் பொழுதும் கருவும் இல்லாமற்கூட ஒரு பாடல் உரிப்பொருளால் திணை பெறும். வான்படத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. முதலும் கருவும் அதில் மிகத் தெளிவு. உரி அறவே இல்லை. 1 மில்லிமீட்டர் நீளக் கூரையின்கீழ் எத்தனை குடும்பங்கள் அடைந்துகிடந்தன, விடியலுக்கு முன் பிரட்டுக்களத்தில் யார் பெயர் அழைக்கப்பட்டது, ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தை யாரை நினைந்து அழுதது, கங்காணியின் குரல் எவ்வாறு ஒலித்தது என்பவற்றுள் எதையும் அப்படம் சொல்லாது. பிரிதலும் இருத்தலும் இரங்கலும் அக்கூரையின்கீழ்தான் நிகழ்ந்தன.

இக்குறை தற்செயலானதன்று. மேலிருந்து நோக்கும் பார்வை பெரும்பாலும் அளப்பவரின் பார்வை, ஆள்பவரின் பார்வை, குண்டு வீசுபவரின் பார்வை. கோலா கங்சார் மாவட்டத்தைச் சார்ந்த சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16ஆம் நாள் தோட்ட நிருவாகிகளான ஐரோப்பியர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் காடுகளும் தோட்டங்களும் வானிலிருந்து அடிக்கடி படம் பிடிக்கப்பட்டன. ஒரு புதிய குடிசையும் ஒரு புதிய மரவள்ளித் துண்டும் ஐயத்துக்குரிய புள்ளிகளாயின. அப்படங்களைப் படித்தவர்கள் திறமையானவர்களே. ஆனால் அவர்கள் கேட்ட வினா 'இங்கு யார் ஒளிந்திருக்கிறார்' என்பது. 'இங்கு யார் வாழ்ந்திருக்கிறார்' என்பதன்று. நாம் இன்று அதே படங்களை எடுத்து வேறு வினாவைக் கேட்கிறோம்.

இவ்விரு பார்வைகளையும் தம் வாழ்வில் கொண்டிருந்த ஒருவரை இங்குக் குறிப்பிடல் தகும். பீட்டர் வில்லியம்ஸ்-ஹண்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வான்படங்களைப் படிக்கும் பணியில் இருந்தவர். போர் முடியும் காலத்தில் எடுக்கப்பட்ட தென்கிழக்காசிய வான்படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டிப் பாதுகாத்தார். சயாமின் கிழக்குப் பகுதியில் மண்மூடிய பழைய அகழிசூழ் ஊர்களை அப்படங்களால் இனங்கண்டு, 1950இல் அதுபற்றி எழுதினார். பின்னர் மலாயாவில் பழங்குடியினர் நல ஆலோசகராகப் பணியேற்றுக் காட்டுக்குள் சென்று, செமாய் இனத்துப் பெண்ணை மணந்து, அம்மக்களைப் பற்றி நூலொன்றும் எழுதி, 1953இல் மறைந்தார். 15,000 அடி உயரத்தில் தொடங்கிய அவருடைய படிப்பு மூங்கில் வீட்டின் தரையில் வந்து முடிந்தது. வான்படம் அகழியைக் காட்டும்; அகழி வெட்டியவர் மொழியைக் காட்டாது. அதற்குக் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும்.

நாவல் என்னும் தரைப்பார்வை

தமிழர்க்குக் கீழிறங்கும் வழி இலக்கியம். சயாம் மரண இரயில்பாதை நோங் பிலாடுக்கிலிருந்து தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்டது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளரும் அதில் உழைத்தனர். மலாயாவிலிருந்து சென்றோர் எழுபதாயிரத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவருள் பெரும்பான்மையினர் தோட்டத்துத் தமிழர். அப்பாதைக்கு வேண்டிய தண்டவாளங்களும் மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. ஆளும் இரும்பும் ஒரே நாட்டிலிருந்து சென்றன.

போர்க்கைதிகள் தம் முகாம்களையும் இறந்தவர்களையும் பெயரும் நாளும் இட்டுக் குறித்து வைத்தனர். போர் முடிந்தவுடன் அக்குறிப்புகளைக் கொண்டு கல்லறைகள் தேடிக் கண்டறியப்பட்டன. இன்று காஞ்சனாபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசாயாட்டிலும் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பதிவேடு இல்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. வான்படத்தில் அவர்களின் முகாம் ஒரு வெளிறிய பொட்டல். சில ஆண்டுகளில் மூங்கில் வளர்ந்து அப்பொட்டலும் மறைந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் வெளிவந்தன. அந்த வெற்றிடத்தில் எழுப்பப்பட்ட கற்களாகவே இவ்விரு நாவல்களையும் கருதுகிறோம்.

இந்நாவல்களை நம் திறனாய்வு அவலச்சுவையின் அடிப்படையிலேயே பெரிதும் அணுகியுள்ளது. தொழிலாளர் பட்ட துன்பம், பாத்திரப் படைப்பு, மொழிநடை என்பன பேசப்பட்டன. இடம் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது நம் மதிப்பீடு. 415 கிலோமீட்டரும் 'சயாம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. எந்தக் கல்லில் வண்டி நின்றது, எந்த ஆற்றுவளைவில் முகாம் இருந்தது, மலை எப்புறம் இருந்தது என்று நாவலைக் கேட்டுப் பார்த்தோமா? நாவல் வரைபடமன்று என்பது உண்மையே. ஆயினும் வாய்மொழி நினைவுகளின்மீது எழுந்த படைப்பில் இடக்குறிப்பு தற்செயலாகக்கூடத் தங்கியிருக்கும். அக்குறிப்புகளைத் தொகுத்து, இன்று கிடைக்கும் போர்க்கால வான்படங்களோடும் கைதிகளின் முகாம்ப் பட்டியல்களோடும் ஒப்பிட்டால், பெயரற்ற சில முகாம்களேனும் இடம்பெறக்கூடும். படத்துக்கு இல்லாத உரிப்பொருளை நாவல் தரும்; நாவலில் மங்கிய முதற்பொருளைப் படம் தரும்.

இதற்கு மறுப்பு ஒன்று எழக்கூடும். இலக்கியத்தை ஆவணமாகச் சுருக்குவது அதன் கலைத்தன்மைக்கு ஊறு விளைவிக்காதா என்பது அது. அம்மறுப்பை நாம் ஒதுக்கவில்லை. நினைவு தவறும், படைப்பாளர் வேண்டுமென்றே இடத்தை மாற்றவும் கூடும். அவ்வாறு மாற்றியிருப்பின் அதனை அறிவதும் கலைத்தன்மையை அறிவதேயாகும். ஆற்றைப் பாதைக்கு இடப்புறமாக நிறுத்திய நாவலாசிரியர் ஏன் அவ்வாறு நிறுத்தினார் என்ற வினாவை, ஆறு உண்மையில் வலப்புறம் இருந்தது என்று அறிந்தவரே எழுப்ப முடியும். இடமறிதல் திறனாய்வின் முடிவாகாது. அதன் தொடக்கம் எனலாம்.

பெயரறிதல்

கோலா கங்சார்ப் படத்துக்கு மீள்வோம். ஆறு, பாலம், பள்ளிவாசல், கல்லூரி ஆகிய யாவும் பெயர் பெற்றுவிட்டன. பெயர் பெறாதவை அந்த நீண்ட கூரைகள் மட்டுமே. அரசு வரைபடம் தோட்டத்தை ஆங்கிலப் பெயரால் குறிக்கும்; கூரைகளைக் குறிக்காது. ஆனால் அங்கு வாழ்ந்தோர்க்கு ஒவ்வொரு வரிசையும் ஒரு பெயருடையது. மேட்டு லயம், பள்ளத்து லயம், கோயில் லயம் என்பன தோட்டந்தோறும் கேட்கக்கூடிய பெயர்கள். தூரத்தை மைற்கல்லால் அறிந்து 'மூணாங்கட்டை', 'ஏழாங்கட்டை' என்றனர். தீம்பாரும் கித்தாக் காடும் அவர்கள் வழங்கிய சொற்கள். இச்சொற்கள் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

அவற்றைத் தாங்கிய இடங்களும் நிலைக்கவில்லை. ஐம்பது, அறுபதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்நிலையில் தொழிலாளர் தம் உழைப்பிடத்தை இழவாதிருக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை வீட்டுமனைகளுக்கு வழிவிட்டது. ஒரே இடத்தின் பல்வேறு ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்தால் தழைப்போர்வை விண்மீன்களாகி, விண்மீன்கள் கூரைக் கட்டங்களாவதைக் காணலாம். இடையில் ஒரு படத்தில் நீண்ட கூரைகள் இல்லாமற் போகின்றன. சிலவிடங்களில் ஒரு சிறு கோயிலும் அதன் மரமும் மட்டும் அடுத்த படத்திலும் நிற்கின்றன. அப்புள்ளி என்னவென்று வெளியார் அறியார். அங்குத் தீமிதித்தவர் அறிவர்.

இங்குத் தமிழாசிரியர்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. தம் பள்ளியைச் சூழ்ந்த பகுதியின் பழைய வான்படம் ஒன்றினை வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். முதலில் ஆறும் சாலையும் பாதையும் எவை என மாணவர் கண்டறியட்டும். அடுத்து மரமும் தொழிலும் எவை எனக் கண்டறியட்டும். மூன்றாவதாக, அப்படத்தின் படியை வீட்டுக்குக் கொண்டுசென்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் காட்டி, ஒவ்வொரு கூரைக்கும் வழங்கிய பெயரை எழுதிவரட்டும். திணைக் கோட்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர், அதனைத் தம் ஊரின்மீது வைத்துப் பார்க்கும்பொழுது அது உயிருள்ள கருவி என்பதை உணர்வர். பெரியவர்கள் இருவர் ஒரே லயத்துக்கு இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். பாடவேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று.

முடிவுரை

தலைப்பில்லா வான்படம் ஒன்றினை இனங்காண, தனியோர் அடையாளம் போதாது என்பதையும் அடையாளங்களின் கூட்டமே வேண்டும் என்பதையும் கண்டோம். நிலமும் பொழுதும், பின் மரமும் தொழிலும் ஊரும் என்னும் முறையில் காராய்ப் பாலத்தை அதனையொத்த பிற பாலங்களிலிருந்து பிரித்தறியலாம் என்பதைக் கண்டோம். படத்தால் எட்டமுடியாத உரிப்பொருளை இலக்கியமும் வாய்மொழியும் தருகின்றன என்பதையும், இலக்கியத்தில் மங்கும் இடத்தைப் படம் தெளிவிக்கக்கூடும் என்பதையும் கண்டோம்.

படங்கள் காப்பகங்களில் உள்ளன. அவை இன்னும் பல்லாண்டு இருக்கும். லயத்தின் பெயர் அறிந்தோர் அவ்வாறு இருக்கமாட்டார்கள். சயாம் சென்று மீண்டோருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்; தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் முதுமை கண்ட தலைமுறையும் குறைந்துவருகிறது. எனவே இவ்வாய்வை எப்பொழுது வேண்டுமாயினும் செய்யலாம் என்று தள்ளிவைக்க இயலாது. படத்தின் பின்புறத்தில் எழுத வேண்டிய தலைப்பு இன்னும் சிலர் நாவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்பொழுதே அதைக் கேட்டு எழுதிவிடல் வேண்டும்.